பழைய பைக்கில் லைட் எரியலையா, ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரியை மாற்றும் முன் இதைப் பாருங்க!

நெய்வேலியில் தயாராகும் மின்சாரம் தமிழ்நாட்டைத் தாண்டி கேரளா, கர்நாடகா, புதுச்சேரி வரை போகிறது. ஆனால் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில், குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் 20 வருஷத்து ஸ்ப்ளெண்டரில் ஹெட்லைட் எரியவில்லை என்றால் அந்த மின்சாரத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த பல்புக்குத் தேவை வெறும் 35 வாட். அது எங்கே போச்சு என்று மட்டும் தெரியாது. மழை வேற தூறிக்கிட்டு இருக்கும்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க". மாற்றிய மூன்றாவது வாரம் மறுபடியும் அதே கதை. அப்புறம் ரெகுலேட்டர், அதுக்கப்புறம் சி.டி.ஐ. ஸ்பேர்ஸ் கடைகளில் 'எலெக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் எடுக்கப்படாது' என்று போர்டே தொங்கும். தப்பான பார்ட்ஸ் வாங்கினால் காசு போனது போனதுதான்.

பழைய பைக்கில் வரும் எலெக்ட்ரிக்கல் கோளாறுகளில் ரொம்பவே அதிகம், பார்ட்ஸ் கெட்டதால் வருவதில்லை. கரண்ட் போகும் வழி கெட்டதால் வருபவை. அதாவது தளர்ந்த கனெக்‌ஷன், களிம்பு பிடித்த கப்ளர், எர்த் சரியில்லாத போல்ட், உறைக்குள்ளேயே அறுந்து போன ஒயர். இதையெல்லாம் வீட்டு வாசலிலேயே, சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியும். எப்படி என்பதைத்தான் இந்தத் தொகுப்பில் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

நெய்வேலியில் மட்டும் ஏன் இந்தப் பிரச்னை அதிகம் தொந்தரவு தருது?

இந்தப் பிரச்னை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் நெய்வேலியில் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று தூசி. திறந்தவெளிச் சுரங்கங்களும் அனல் மின் நிலையங்களும் இருக்கும் ஊர். மந்தாரக்குப்பம் பக்கம் தினமும் போய் வரும் வண்டியில் டேங்கைக் கழற்றிப் பார்த்தால், கப்ளர்கள் மேல் மெல்லிய படலமாகத் தூசி படிந்திருக்கும். வெயில் காலத்தில் அதனால் பெரிய தொல்லை இல்லை. இரண்டாவது விஷயம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மாவட்டத்தில் அடிக்கும் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படிந்திருக்கும் தூசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் செம்புப் பின்னில் களிம்பு ஏற்றும். பச்சைப் பசேல் என்று பூத்திருக்குமே, அதேதான். களிம்பு வழியாகக் கரண்ட் ஒழுங்காகப் போகாது.

இன்னொரு பக்கம், டவுன்ஷிப்பில் வண்டிகள் நாட்கணக்கில் நிறுத்திக் கிடப்பதும் சகஜம். பிளாக்குக்கு பிளாக் மரம், மரத்தடியில் வண்டி. எலி ஒயரைக் கடித்து வைப்பதும், எறும்பு ஸ்விட்சுக்குள் கூடு கட்டுவதும் சிரிப்பு வரவைக்கும் காரணங்களாகத் தெரியலாம். ஆனால் மெக்கானிக்குகளைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள்.

சரி, லைட்தானே என்று விட்டுவிடவும் முடியாது. ஆர்ச் கேட் தாண்டி விக்கிரவாண்டி - தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி வடலூர் பக்கமோ பண்ருட்டி பக்கமோ போகிறவர்களுக்கு, லாரிகளுக்கு நடுவில் ஹெட்லைட் அணைந்தால் என்ன ஆகும் என்று தெரியும். பின்னால் வரும் வண்டிக்கு உங்கள் பிரேக் லைட் எரியாதது உங்களுக்கே தெரியாது என்பது அதைவிட மோசம். தவிர, பைக்கின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதற்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் லைட், ஹார்ன், இண்டிகேட்டர் எல்லாம் வேலை செய்ய வேண்டும்.

ஒரு வண்டிக்குள் இரண்டு கரண்ட்

கோளாறு தேடும் முன் ஒரு அடிப்படையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நெய்வேலிக்காரர்களுக்கு இது ரொம்ப ஈஸி.

அனல் மின் நிலையத்தில் என்ன நடக்கிறது? பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுற்றி, அதோடு சேர்ந்து ஜெனரேட்டருக்குள் காந்தத்தைச் சுற்ற வைக்கிறார்கள். சுருள்களுக்கு அருகில் காந்தம் சுற்றினால் கரண்ட் பிறக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்துச் சொன்னது. சோவியத் உதவியுடன் கட்டப்பட்டு 1962-ல் ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையமும் இதே தத்துவத்தில்தான் ஓடியது. உங்கள் பைக்கில் பெட்ரோல் எரிகிறது, பிஸ்டன் இயங்குகிறது, கிராங்க்கோடு சேர்ந்து காந்தம் பதித்த சக்கரம் சுற்றுகிறது. உள்ளே சுருள்கள். மெக்கானிக் 'மேக்னெட் காயில்' என்று சொல்வது இதைத்தான். சின்ன சைஸ் மின் நிலையம்.

இதிலிருந்து வருவது ஏ.சி. கரண்ட். பேட்டரியில் இருப்பது டி.சி. 1994-ல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், அதற்கு முன் 1985-ல் வந்த சிடி100 போன்ற வண்டிகளில் இந்த இரண்டும் தனித்தனி வேலை பார்க்கின்றன. ஹெட்லைட்டுக்கு மேக்னெட்டில் இருந்து நேரடியாக ஏ.சி. கரண்ட் போகும். அதனால்தான் சிக்னலில் நின்றால் லைட் மங்கும், ஆக்சிலேட்டர் முறுக்கினால் பளிச்சென்று எரியும். அது கோளாறு இல்லை, வண்டியின் குணம். ஸ்பார்க்குக்கான கரண்டும் மேக்னெட்டில் உள்ள தனிச் சுருளில் இருந்து சி.டி.ஐ. யூனிட்டுக்குப் போகும். ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மட்டும் பேட்டரியில் இருந்து. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர், சுருக்கமாக ஆர்.ஆர். யூனிட்.

இதன் அர்த்தம் என்ன? இந்த ரக வண்டியில் பேட்டரி செத்தே போயிருந்தாலும் கிக் அடித்தால் ஸ்டார்ட் ஆக வேண்டும், ஹெட்லைட் எரிய வேண்டும். ஆகவே, "வண்டி ஸ்டார்ட் ஆகலை, ஹெட்லைட் எரியலை" என்று போனவரிடம் பேட்டரியை மாற்றச் சொன்னால், அந்த பேட்டரி காசு வீண்.

1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ்100-லும் ஸ்பார்க்குக்கு பேட்டரி வேண்டியதில்லை. ஆனால் பின்னால் வந்த பல வண்டிகளில் சி.டி.ஐ.யே பேட்டரி கரண்டில்தான் இயங்கும். அவற்றில் பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்துவிடும். சென்னை திருவொற்றியூரில் இருந்து வந்த பழைய புல்லட்டுகளும் அந்தக் கட்சிதான். உங்கள் வண்டி எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, "அண்ணே, இது ஏ.சி. சி.டி.ஐ.யா, டி.சி. சி.டி.ஐ.யா?" என்பதுதான்.

ஸ்பேனரைத் தொடும் முன்...

சாவியை ஆன் செய்யுங்கள். எஞ்சின் ஓட வேண்டாம். ஹார்ன் அடியுங்கள், இண்டிகேட்டர் போடுங்கள், இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள்.

எதுவுமே வேலை செய்யவில்லை என்றால் பேட்டரி, ஃப்யூஸ், சாவி ஸ்விட்ச், மெயின் எர்த் ஆகிய நான்கில் ஒன்று. ஹார்ன் மட்டும் அடிக்கவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். ஹார்ன் பட்டன் அல்லது ஹார்ன். பின் பிரேக்கை அழுத்தினால் லைட் எரிகிறது, முன் பிரேக்கைப் பிடித்தால் எரியவில்லை என்றால் லீவர் அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்சில் தூசி அடைத்திருக்கும்.

அடுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஹெட்லைட் போடுங்கள். ஹார்ன் நன்றாக அடிக்கிறது, ஹெட்லைட் மட்டும் இல்லை என்றால் தேட வேண்டியது மேக்னெட் பக்கம்: பல்ப், லைட் ஸ்விட்ச், டிம்-பிரைட் ஸ்விட்ச், மேக்னெட்டில் இருந்து வரும் ஒயர். பல்பைக் கண்ணால் பார்த்து மட்டும் 'நல்லா இருக்கு' என்று முடிவு செய்யாதீர்கள். இழை அறுந்தது சில நேரம் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு விசித்திரமான அறிகுறி உண்டு. லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்பும் சேர்ந்து மங்கலாக மின்னும். அல்லது பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் லேசாக எரியும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். இது கிட்டத்தட்ட எப்போதுமே எர்த் கோளாறு. திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட், பக்கத்து பல்ப் வழியாகச் சுற்றிப் போகிறது.

எர்த்: யாரும் பார்க்காத இடம்

மேலே சொன்ன 'திரும்பிப் போகும் வழி' என்பது என்ன? பைக்கில் பல்புக்குக் கரண்ட் கொண்டுபோக ஒரு ஒயர் இருக்கும். திரும்பி வர, வண்டியின் ஃப்ரேமே ஒயராக வேலை செய்யும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் ஒரு போல்ட்டில் ஃப்ரேமோடு இணைந்திருக்கும். அந்த போல்ட் அடியில் துரு ஏறினால், அல்லது வண்டிக்குப் புதுசா பெயின்ட் அடித்தபோது அந்த இடத்திலும் சேர்த்து அடித்துவிட்டால், எல்லாமே குழப்பம்தான். 'பெயின்ட் அடிச்சதுல இருந்துதான் இந்த லைட் பிரச்னை' என்று சொல்பவர்கள் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், இன்னொரு முனை எஞ்சின் மேல் பெயின்ட் இல்லாத உலோகத்தில். இப்போது பிரேக்கை அழுத்தி ஹார்னையும் அடியுங்கள். மீட்டரில் 0.2 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் எர்த் நலம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் அந்த அளவு கரண்ட் வழியிலேயே வீணாகிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் அல்லது வாசலின் தடவினால் போதும். செலவு கிட்டத்தட்ட இல்லை.

ஆர்.ஆர். யூனிட்டுக்கும் எர்த் முக்கியம். அதன் எர்த் ஒயர் விட்டுப்போனால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும். 'மாசத்துக்கு ஒரு ஹெட்லைட் பல்ப் போகுது' என்று புலம்புகிறவர்கள் பல்ப் கம்பெனியைத் திட்டும் முன் இந்த எர்த் ஒயரைப் பார்க்கலாம்.

பேட்டரியை அளப்பது எப்படி?

வண்டியை நிறுத்தி சில மணி நேரம் கழித்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அளந்தால்தான் உண்மையான அளவு தெரியும். 12 வோல்ட் பேட்டரியில் 12.6-க்கு மேல் காட்டினால் ஃபுல் சார்ஜ். 12.4 என்றால் பரவாயில்லை. 12-க்குக் கீழ் என்றால் காலியாகிவிட்டது. ஆனால் காலி என்பதும் கெட்டது என்பதும் ஒன்றல்ல. சார்ஜ் ஏற்றிப் பார்த்து, அதன் பிறகும் ஹார்ன் அடித்ததும் வோல்ட்டேஜ் 10, 9 என்று சரிந்தால்தான் பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது, சார்ஜ் ஏறுகிறதா? எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து, பாதி ஆக்சிலேட்டர் கொடுங்கள். 13.5-ல் இருந்து 15-க்குள் இருந்தால் சரி. ஐடிலிங்கில் குறைவாக இருப்பது சின்ன பைக்குகளில் இயல்பு. வேகம் கூட்டியும் 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை: மேக்னெட் ஒயர், அதன் கப்ளர், ஆர்.ஆர். யூனிட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் அதன் அடையாளம்தான். புது பேட்டரி மூன்று வாரத்தில் படுக்கும் கதைக்கு விடை பெரும்பாலும் இந்த ஒரு சோதனையில் கிடைத்துவிடும்.

ஹெட்லைட்டுக்கு வரும் கரண்டை அளக்கும்போது மட்டும் மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றுங்கள். டி.சி.யில் வைத்தே அளந்து, 'ஒண்ணுமே காட்டலை, காயில் போச்சு' என்று முடிவு கட்டி, நல்ல காயிலைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

மல்டிமீட்டருக்கு ஒரு பலவீனமும் இருக்கிறது. பத்து இழை உள்ள ஒயரில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். 'கரண்ட் வருதே!' என்று தோன்றும். ஆனால் பல்பைப் போட்டால் எரியாது, ஏனென்றால் அந்த ஒற்றை இழையால் அத்தனை கரண்டைத் தாங்க முடியாது. இதற்குத்தான் பழைய மெக்கானிக்குகள் டெஸ்ட் லேம்ப் வைத்திருப்பார்கள். ஒரு இண்டிகேட்டர் பல்ப், இரண்டு ஒயர், அவ்வளவே. மீட்டர் 12 காட்டும் இடத்தில் டெஸ்ட் லேம்ப் மங்கலாக எரிந்தால், கோளாறு அந்த வழியில்தான்.

ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள்

வண்டியில் அதிகம் வளையும் ஒயர்கள் எவை? ஹேண்டில்பாருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் இருப்பவை. ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து நிமிர்ந்து, 15, 20 வருஷத்தில் லட்சக்கணக்கான தடவை. மேலே உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, ஹேண்டில்பாரை மெதுவாக இடம், வலம் என்று முழுசாகத் திருப்புங்கள். லைட் சிமிட்டினாலோ, எஞ்சின் விக்கினாலோ, இடம் கிடைத்துவிட்டது. அந்த ஒயர்களை விரலால் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தால், அறுந்த ஒயர் மட்டும் அந்த இடத்தில் துவண்டு மடியும். நல்ல ஒயர் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

கலர் தெரிந்தால் இந்தத் தேடல் எளிது. ஹீரோ ஹோண்டாவில் பச்சை என்றால் எர்த், சிவப்பு பேட்டரி பாசிட்டிவ், கறுப்பு சாவி போட்டதும் வரும் கரண்ட். யமஹாவில் கறுப்புதான் எர்த், சாவி போட்டதும் கரண்ட் வருவது பிரவுனில். சுசூகி வழி வந்த வண்டிகளில் கறுப்பில் வெள்ளைக் கோடு எர்த், ஆரஞ்சு சாவி கரண்ட். ஒரு கம்பெனி வண்டியில் பழகியவர் இன்னொன்றில் கை வைக்கும்போது கறுப்பை எர்த் என்று நினைத்து ஷார்ட் செய்துவிடுவது இதனால்தான்.

ஸ்பார்க் வரலையா?

கிக் அடித்து அடித்துக் கால் வலிக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, வண்டி மட்டும் அசையவில்லை. ப்ளக்கைக் கழற்றி, கேப்பை மறுபடி மாட்டி, ப்ளக்கின் மரைப் பகுதி எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து, சாவி ஆன் செய்து கிக் அடியுங்கள். ப்ளக் ஓட்டைக்கு அருகில் வைக்காதீர்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும். வெறுங்கையால் பிடிக்காதீர்கள், பல ஆயிரம் வோல்ட். நீல நிறத்தில் 'டக்' என்று சத்தத்தோடு வந்தால் ஸ்பார்க் சரி, பெட்ரோல் பக்கம் பாருங்கள். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ மேலே தொடரலாம்.

முதலில் மலிவானது. ப்ளக்கின் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கேப்பை ஒயரில் இருந்து திருகிக் கழற்றினால், ஒயர் முனையில் செம்பு கறுத்துப் போயிருக்கும். அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகினாலே பல வண்டிகள் உயிர் பெறும். மழை நாளில் மட்டும் மக்கர் செய்யும் வண்டி என்றால், ராத்திரி லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு எஞ்சின் ஓடும்போது ப்ளக் ஒயரைப் பாருங்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் குட்டிக் குட்டியாக நீலப் பொறி தெறிப்பது தெரியும்.

இதற்குப் பிறகு வருவதுதான் பலருக்கும் தெரியாத சூட்சுமம். ஸ்ப்ளெண்டர் ரக வண்டியில் சாவி 'ஆஃப்' செய்தால் எஞ்சின் எப்படி நிற்கிறது? கரண்டைத் துண்டிப்பதால் இல்லை. சி.டி.ஐ.யில் இருந்து வரும் ஒரு ஒயரை, கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது, சாவி ஸ்விட்ச் எர்த்தோடு சேர்த்துவிடுகிறது. ஸ்பார்க்குக்கான கரண்ட் அப்படியே தரைக்குப் போய்விடும். ஆக, அந்த ஒயரின் உறை ஃப்ரேமில் உரசித் தேய்ந்தாலும், சாவி ஸ்விட்சுக்குள் தண்ணீர் போனாலும், வண்டி 'சாவி ஆஃப்' என்றே நினைத்துக்கொண்டிருக்கும். சி.டி.ஐ. நல்லா இருக்கும், காயில் நல்லா இருக்கும், ஸ்பார்க் மட்டும் வராது.

சோதிக்க, அந்த ஒரு ஒயரை மட்டும் சி.டி.ஐ. பக்கத்தில் பிரித்துவிட்டு கிக் அடியுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டால் சி.டி.ஐ. வாங்க வேண்டிய அவசியமே இல்லை, கோளாறு ஸ்விட்சிலோ ஒயரிலோதான். கவனம்: அந்த ஒயர் பிரிந்திருக்கும்போது சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்ச்சை மெல்ல விட்டு நிறுத்த வேண்டும். சோதனை முடிந்ததும் ஒயரை மறக்காமல் இணைத்துவிடுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் அதே மாடல் வண்டி வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள். டவுன்ஷிப்பில் ஸ்ப்ளெண்டருக்குப் பஞ்சமில்லை. அவருடைய சி.டி.ஐ.யை இரண்டு நிமிஷம் உங்கள் வண்டியில் மாட்டிப் பாருங்கள். ரிட்டர்ன் எடுக்காத பார்ட்ஸை வாங்கிச் சோதிப்பதைவிட ஒரு டீ வாங்கிக் கொடுப்பது மலிவு.

பாயின்ட் வைத்த பழைய புல்லட் என்றால்...

கதை கொஞ்சம் வேறு. இங்கே சி.டி.ஐ. கிடையாது, சி.பி. பாயின்டும் கண்டன்சரும்தான். பாயின்ட் இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயின்ட் முகத்தில் குழியும் மேடும் விழுந்திருந்தால், கிக் அடிக்கும்போது அங்கேயே பெரிசாகப் பொறி பறந்தால், கண்டன்சர் மேல் சந்தேகப்படலாம். ஹெட்லைட் பக்கத்தில் இருக்கும் ஆம்மீட்டர் இந்த வண்டிகளின் வரப்பிரசாதம். ஐடிலிங்கில் லைட் போட்டால் முள் மைனஸுக்குப் போவது இயல்பு. நல்ல வேகத்திலும் மைனஸிலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. மீட்டரே வேண்டாம், ஓட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

இதை மட்டும் செஞ்சிடாதீங்க

ஃப்யூஸ் போனால் சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாள் சுற்றுவது, செம்புக் கம்பி போட்டு முறுக்குவது. அவசரத்துக்கு எல்லோரும் செய்வதுதான், ஆனால் இதைப்போல ஆபத்து வேறில்லை. ஃப்யூஸ் எரிவது எங்கோ ஷார்ட் இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. அந்த இடத்தில் கம்பி போட்டால், அடுத்து எரிவது டேங்க் அடியில் இருக்கும் ஒயரிங். மேலே பெட்ரோல். பழைய ஃப்யூஸில் என்ன ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள். மறுபடியும் எரிந்தால், ஃப்யூஸுக்குப் பதில் டெஸ்ட் லேம்பை அங்கே இணைத்துவிட்டு, கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைப் பிரித்ததும் லேம்ப் அணைகிறதோ, ஷார்ட் அந்தக் கிளையில் இருக்கிறது.

எல்.இ.டி. ஹெட்லைட் மாட்டுவதும் இப்போது ஃபேஷன். ஏ.சி. கரண்டில் ஓடும் ஹெட்லைட் இணைப்பில் அதை அப்படியே மாட்டினால் படபடவென்று சிமிட்டும், சீக்கிரம் போய்விடும். சரி, பேட்டரிக்கு மாற்றிவிடலாம் என்று மாற்றினால், ஹார்னுக்கும் இண்டிகேட்டருக்கும் என்றே வைத்த சின்ன பேட்டரியால் தாங்க முடியாது, அதை நிரப்பும் சார்ஜிங் காயிலாலும் ஈடுகொடுக்க முடியாது. 'லைட் சூப்பரா இருக்கு, ஹார்ன்தான் வரலை' என்ற நிலைமை இப்படித்தான் உருவாகிறது. பஸ் ஹார்ன் மாட்டுபவர்களுக்கும் இதே பதில்தான், கூடுதலாக போலீஸ் ஃபைனும்.

ஒயர் ஜாயின்ட்டில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். வெயிலில் உரிந்துவிடும். ஹீட் ஷ்ரிங்க் குழாய் எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும், சூடு காட்டினால் சுருங்கி ஒயரைப் பிடித்துக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் விடும்போது ஸ்விட்ச், ப்ளக் கேப், ஹெட்லைட் பின்பக்கம் ஆகிய இடங்களில் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அங்கேதான் நல்லா அடிப்பாங்க.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். தண்ணீர் ஊற்றும் ரகம் என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல் கோட்டைத் தாண்டாமல். ஆசிட் கையில் பட்டால் உடனே நிறைய தண்ணீரில் கழுவுங்கள். ஆவி வெளியேறும் குழாய் மடங்கி அடைத்திருக்கக் கூடாது.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

மேக்னெட்டைத் திறக்க வேண்டிய நிலை வந்தால், சுருள் கருகிய வாடை அடித்தால், ஒயரிங் செட்டே உருகி ஒட்டியிருந்தால் வீட்டில் முயற்சிக்க வேண்டாம். மேக்னெட் சக்கரத்தைக் கழற்றத் தனி புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் உள்ளே காந்தம் விரிசல் விடும்.

ஆனால் போகும்போது வெறுமனே "லைட் எரியலைண்ணே" என்று சொல்லாதீர்கள். "காலையில பேட்டரி 12.5 காட்டுச்சு, ஆக்சிலேட்டர் கொடுத்தும் ஏறலை, எர்த் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு" என்று சொல்லுங்கள். மெயின் பஜாரோ, இந்திரா நகரோ, எந்த ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும், நம்பரோடு வரும் கஸ்டமரிடம் பேட்டரி மாற்றச் சொல்லும் முன் ஒருமுறை யோசிப்பார்கள்.

சரிசெய்து முடித்ததும், ராத்திரி கிளம்பும் முன் வண்டியைச் சுவர் ஓரம் பின்பக்கமாக நிறுத்தி இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் இரண்டு தடவையும் விழ வேண்டும்.